அரைப்பேரும் இரத்த அழுத்தமும்

ஹட்டனுக்கு அருகேயுள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, இன்று ஆசிரியத் தொழில் புரிபவன் நான். எங்கள் மலையிலே கோபத்துக்கும் கவலைக்கும் வழங்கும் பெயர் ‘பிரஷர்’ என்பதாகும். கங்காணி சத்தம் போட்டால் பிரஷர். சம்பளச் சீட்டைக் கண்டால் பிரஷர். இவ்வழக்கிலே பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி என் தாயாரின் இடக்கையை வாங்கிக்கொண்டது.

உண்மையான பாதியை முதலில் நோக்குவோம். அச்சமோ சினமோ எழும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியிலே சொரிகின்றன. இதயம் விரைகிறது, சிறு நாடிகள் பல சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. அமெரிக்க உடலியலறிஞர் வால்டர் கானன் 1915ஆம் ஆண்டிலேயே இதனை நூலாக விரித்தெழுதினார். புலியைக் கண்டு ஓடுபவனுக்கு உதவும் ஏற்பாடு இது. கொழுந்து நிறுக்கும் தராசின் முன்னே நிற்பவள் எங்கே ஓடுவாள்? நாளொன்றுக்கு 18 கிலோ என்பது பல தோட்டங்களிலே கேட்கப்பட்ட அளவு. குறைந்தால் அரைப்பேர். மழையென்றும் பனிமூட்டமென்றும் சொன்னால் யார் கேட்பார்? வேலைப்பளு மிகுந்து, அதனை நடத்தும் உரிமை குறைந்த தொழிலே மனத்தை மிகவும் வாட்டுவது என 1979இல் ராபர்ட் கராசெக் என்பவர் எழுதினார். அவர் ஆராய்ந்தது அமெரிக்கரையும் சுவீடன் நாட்டவரையுமே. படித்த எனக்கோ கண்முன் நின்றது எங்கள் கொழுந்து மடுவந்தான்.

அரைப்பேர் விழுந்த ஒரு மாலை, தோட்ட மருந்துச்சாலையிலே அம்மாவுக்கு அழுத்தம் 170 காட்டியது. மறுநாட் காலை 150. “பார்த்தாயா ஐயா, நேற்றைய கோபம் இறங்கிவிட்டது” என்று சிரித்தார். ஓரளவு சரிதான், வைத்தியர் அருகே வந்த மாத்திரத்திலேயே அழுத்தம் ஏறுவதை இத்தாலிய வைத்தியர்கள் 1983இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆயினும் 150 என்பதும் உயர்ந்ததே. அதை அவருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நானும் உரைக்கவில்லை.

கோபத்தால் ஏறியது கோபத்தோடு இறங்கும். நிலைத்துவிட்ட அழுத்தமோ மனம் குளிர்ந்திருக்கும்போதும் இறங்காது. பெரும்பாலும் தலைவலிகூடத் தராது. வயது, பரம்பரை, கருவாட்டிலும் ஊறுகாயிலும் சேரும் உப்பு, சிறுநீரக நோய் எனக் காரணங்கள் பல. நெடுங்கவலையும் உறக்கத்தைக் கெடுத்து, குடிக்கும் புகைக்கும் மனிதரைத் தள்ளித் தன் பங்கைச் செய்கிறது. அது தனித்து நின்றே இந்நோயை உண்டாக்கிவிடும் என வைத்திய நூலார் அறுதியிட்டுக் கூறுவதில்லை.

அம்மா கோபம் வந்த நாட்களில் மட்டுமே குளிசை விழுங்கினார். தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரம் வீட்டிலே ஒரே மகிழ்ச்சி. குளிசை உறையிலேயே கிடந்தது. அந்த வாரத்து விடியற்காலையொன்றிலேதான் பாரிசவாதம் கண்டது. கொழுந்து கிள்ள இரு கைகளும் வேண்டும்.

இப்போது இஸ்தோப்பிலே அமர்ந்திருக்கிறார். காலைதோறும் நானே குளிசை கொடுக்கிறேன். மருமகளோடு பிணங்கிய நாளில் மட்டும், “இன்றைக்கு இரண்டாகத் தா ஐயா” என்று வலக்கையை நீட்டுவார். நான் ஒன்றுதான் வைக்கிறேன்.