உடையார்பாளையத்தின் வானும் சுண்ணாம்புப் பாறையும்

உடையார்பாளையம் வட்டாரத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில், அடைமழைக் காலத்தில், கிடைக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கும் ஆடி மாதத்திலோ இங்குள்ள முந்திரிக் காடுகளின் மீது வறண்ட காற்றே மிகுதியாக வீசுகிறது. மாலை வேளைகளில் எப்போதாவது இடியுடன் கொட்டும் வெப்பச்சலன மழைதான் அப்போது மானாவாரிப் பயிர்களுக்குத் துணை. ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கு மழைக்காலம் இவ்வாறு வேறுபடுவதற்குக் காரணம், புவியைச் சூழ்ந்துள்ள வளிமண்டலம் வெப்பத்தையும் ஈரத்தையும் இடம்விட்டு இடம் கொண்டுசெல்லும் முறையில் உள்ளது.

வளிமண்டலம் என்பது எடையற்ற வெற்றிடமன்று; ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மீதும் ஏறத்தாழ 10 டன் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. உலர்ந்த காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் அமைந்திருக்க, எஞ்சிய ஒரு விழுக்காட்டின் பெரும்பகுதியை ஆர்கான் எடுத்துக்கொள்கிறது. மழையும் புயலும் நிகழ்வது அடிவளி மண்டலம் எனப்படும் கீழ் அடுக்கில். வெப்பமண்டலப் பகுதிகளில் இதன் உயரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். சூரிய ஒளி முதலில் நிலத்தைச் சூடாக்குகிறது, நிலம் தன்மீது படிந்துள்ள காற்றைச் சூடாக்குகிறது. ஆதலால்தான் உயரே செல்லச் செல்ல, ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வீதம், வெப்பம் குறைகிறது.

கோடையில் இந்தியத் துணைக்கண்டத்தின் நிலப்பரப்பு கடலைவிட விரைவாகச் சூடேற, அங்குள்ள காற்று விரிந்து மேலெழுந்து, அழுத்தம் குறைந்த அவ்விடத்தை நோக்கி அரபிக்கடலின் ஈரக்காற்று விரைகிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறுகையில் குளிர்ந்து, நீராவி துளிகளாகத் திரண்டு, கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலும் பொழிந்துவிடுகிறது. இங்கே பலரும் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. நீராவி நீராகும்போது மறைவெப்பத்தை வெளிவிடுவதால், ஏறும் ஈரக்காற்று கிலோமீட்டருக்கு ஐந்தாறு பாகை அளவே குளிர்கிறது; ஈரம் இழந்து மறுபக்கம் இறங்கும்போதோ, அழுத்தம் கூடுவதால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறுகிறது. எனவே சமவெளியை அடையும் ஆடிக்காற்று ஈரம் குறைந்தது மட்டுமன்று, மலையேறும் முன் இருந்ததைவிட வெம்மை மிகுந்ததுமாகும்.

அக்டோபரில் நிலைமை தலைகீழாகிறது. வட இந்திய நிலப்பரப்பு குளிரத் தொடங்க, காற்றழுத்தம் குறைந்த பகுதி தெற்கே வங்கக்கடலுக்கு நகர்கிறது. வடக்கிலிருந்து வரும் காற்று புவியின் சுழற்சியால் வலப்புறமாகத் திரும்பி, வடகிழக்கிலிருந்து வீசும் காற்றாகிக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு தமிழகக் கரையை அடைகிறது. கடலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் உடையார்பாளையத்துக்கு மழை கிடைப்பது, வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் செல்லும் வழியைப் பொறுத்தது. அவை வடக்கே ஆந்திரக் கரைக்குத் திரும்பிவிடும் ஆண்டில் ஏரிகள் நிரம்புவதில்லை. முதலாம் இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் அமைத்த சோழகங்கம் என்னும் ஏரி, மூன்று மாத மழையை ஆண்டு முழுவதற்கும் தேக்கி வைக்கவேண்டிய இத்தேவைக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று.

காற்றின் ஓட்டம் மழையைப் பங்கிடுகிறது என்றால், காற்றின் கலவை வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. நிலம் வெளிவிடும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை நைட்ரஜனும் ஆக்சிஜனும் தடுப்பதில்லை. நீராவியும், கரியமில வாயு எனப்படும் கார்பன் டை ஆக்சைடும் அவற்றை ஈர்த்து, ஒரு பகுதியைத் திரும்ப நிலத்துக்கே அனுப்புகின்றன. பசுமை இல்ல விளைவு எனப்படும் இது இல்லாவிடில், இன்று ஏறத்தாழ 15 பாகையாக உள்ள புவியின் சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழே 18 பாகையாக இருந்திருக்கும். மேகம் மூடிய ஐப்பசி இரவுகள் புழுங்குவதும், வானம் தெளிந்த தை மாத இரவுகள் குளிர்வதும் இதே விளைவின் சிறு அளவிலான வெளிப்பாடுகளே.

கரியமில வாயு என்றும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதை விளக்க, உடையார்பாளையம் அமைந்துள்ள அரியலூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. மழைநீர் அவ்வாயுவைக் கரைத்து மெல்லிய அமிலமாகிப் பாறைகளை அரிக்கிறது; அரிபட்ட கால்சியம் ஆறுகள் வழியே கடலைச் சேர, கடல் உயிரினங்கள் அதைக்கொண்டு ஓடுகளை ஆக்கிக்கொள்கின்றன; இறந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆகின்றன. காற்றில் அவ்வாயு மிகுந்து, துருவங்களில் பெரும் பனிப்பரப்புகள் இல்லாத, கடல்மட்டம் இன்றைவிட மிக உயர்ந்திருந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூர் கடலடியில் இருந்தது. கல்லங்குறிச்சியில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடலில் சிப்பிகள் சேர்த்துவைத்த கரிமமாகும்.

இப்பாறைகளை முறையாக ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தவர், இந்திய நிலவியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட். அவரே 1875-இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவருமானார் என்பது பாறையையும் வானையும் தனித்தனியே கற்பிக்கும் பாடநூல்கள் சொல்லாமல் விடும் செய்தி. 1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பின் பருவமழையை முன்கணிக்கும் பொறுப்பை ஏற்ற அவர், இமயத்தில் பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குன்றும் என்று 1884-இல் காட்டினார். அக்கணிப்பு எல்லா ஆண்டுகளிலும் பலிக்கவில்லை. ஆயினும் தொலைதூர நிலத்தின் நிலை மழையை மாற்றும் என்ற அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

இன்று அதே சுண்ணாம்புக்கல் அரியலூர் சிமெண்ட் ஆலைகளின் சூளைகளுக்குச் செல்கிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்ச, 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. சூளையை எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல் தனிக்கணக்கு. எரிபொருளை மாற்றினால் பின்னதைக் குறைக்கலாம், முன்னது கல்லின் வேதியியலிலேயே உள்ளதாகையால் அவ்வளவு எளிதில் குறையாது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டியிருக்கிறது. ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பதால், கனமழை மேலும் கனப்பதும் மழையற்ற நாட்களில் மண் விரைந்து காய்வதும் ஒருங்கே நிகழ்கின்றன.

உடையார்பாளையத்தை அடுத்த ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவு உள்ளது. அது தோண்டப்படாமல் மண்ணுக்கடியில் இருக்கும்வரை, அதிலுள்ள கரிமம் வளிமண்டலக் கணக்கில் சேராது.