ஸ்கிரீன்ஷாட் எடுத்தா படிச்சதா ஆகிடுமா? மொபைலில் நோட்ஸ் எழுத ஓர் எளிய வழி!

போன வருஷம் பஸ்ஸில் என் மொபைல் தொலைந்துபோனது. வேறு போன் வாங்கிக்கலாம், அதே நம்பருக்கு சிம் வாங்கிக்கலாம். ஆனால், இரண்டு வருஷமா சேர்த்துவெச்ச ஸ்கிரீன்ஷாட்டுகள் எதுவும் பேக்கப்பில் இல்லை. போட்டித் தேர்வுக் குறிப்புகள், ‘அப்புறம் படிச்சுக்கலாம்’ என்று எடுத்துவைத்த கட்டுரைகள், குறும்படத்துக்கான ஐடியாக்கள் என எல்லாமே அதில்தான் இருந்தன. “எல்லாம் போச்சே!” என்று நான் புலம்ப, பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான். “சரி மச்சி, அப்படி என்னதான் வெச்சிருந்த? ஒரு பத்து சொல்லு பார்ப்போம்!”

யோசித்து யோசித்துப் பார்த்தும் நாலைத் தாண்டவில்லை. சேர்த்துவெச்சதையெல்லாம் படிச்சதா நினைச்சுக்கிட்டு இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்க கேலரியையும் ஒருமுறை திறந்து பாருங்க. ஸ்கிரீன்ஷாட்டுகள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கிட்ட லிங்க்குகள், இன்ஸ்டாவில் ‘சேவ்’ பண்ணிய ரீல்ஸ்... சேமிக்க ஒரு நொடி போதும் என்பதால் மலை மாதிரி குவிஞ்சிருக்கும். இதைப் படிப்புக்கும் படைப்புக்கும் கைகொடுக்கிற மாதிரி மாத்துறது எப்படி?

மறக்கிறது நம்ம தப்பா?

இல்லை, அது மூளையின் இயல்பு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று தன்னையே வைத்துச் சோதித்தார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நழுவிவிட்டது. 1885-ல் அவர் வெளியிட்ட இந்த முடிவைத்தான் ‘மறதி வளைகோடு’ என்கிறார்கள்.

இதற்கு மாற்று என்ன? அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்து, சிலரைத் திரும்பவும் படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்கள்தான் முன்னிலை. ஆனால், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது.

ஸ்கிரீன்ஷாட்டில் இந்த உழைப்புக்கே இடமில்லை. விஷயம் திரையிலிருந்து கேலரிக்குப் போகுது. வழியில் நம்ம மூளையைத் தொடுறதே இல்லை.

ஒரு பெட்டி, 90,000 சீட்டுகள்

இந்த விஷயத்தில் பலரும் உதாரணமாகச் சொல்வது, நிக்லாஸ் லூமன் (1927 - 1998) என்ற ஜெர்மன் சமூகவியலாளரை. கம்ப்யூட்டர் இல்லை, ஆப் இல்லை. சின்னச் சின்னக் காகிதச் சீட்டுகளில் குறிப்பெழுதி மரப்பெட்டிகளில் அடுக்கினார். சுமார் 40 ஆண்டுகளில் சேர்ந்தவை ஏறக்குறைய 90,000 சீட்டுகள். அவற்றின் துணையோடு 50-க்கும் மேற்பட்ட புத்தகங்களையும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளையும் எழுதினார்.

அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலைதான். ஒரு சீட்டில் ஒரு கருத்து. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு எண். புதுச் சீட்டு எழுதும்போது, அது ஏற்கெனவே இருக்கும் எந்தச் சீட்டோடு சம்பந்தப்படுது என்று பார்த்து, அந்த எண்ணையும் குறித்துவைப்பார். ஒன்றைத் தேடி எடுத்தால், அது இன்னொன்றைக் கைகாட்டும். ஜெர்மன் மொழியில் ‘துண்டுச்சீட்டுப் பெட்டி’ என்ற பொருளில் ‘ஸெட்டல்காஸ்டன்’ என்று இதைச் சொல்கிறார்கள்.

இதையே நாம் மொபைலில் செய்யலாம். நாலே படிகள்.

1. ஒரே ஒரு ஆப்!

குறிப்பு இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்னு கிடந்தா தேடவே தோணாது. பஸ்ஸில் வந்த யோசனையோ, கிளாஸில் கேட்ட விஷயமோ, எதுவானாலும் ஒரே ஆப்பில் போடுங்க. டைப் பண்ணச் சோம்பலா இருந்தா, ஜிபோர்டு கீபோர்டில் மைக்கைத் தட்டித் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும்.

2. சொந்த வார்த்தையில் மூணு வரி

காப்பி-பேஸ்ட் வேண்டாம். படிச்சதை மூடிவெச்சுட்டு, தம்பிக்கோ தங்கைக்கோ சொல்ற மாதிரி எழுதுங்க. பருவமழைப் பாடம் படிக்கிறீங்கன்னு வைங்க. குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘ஜூன்ல கேரளாவில் மழை கொட்டும்போது நமக்கு ஏன் அவ்வளவு இல்ல? மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துடுது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு முக்கியமான மழை, அக்டோபர் - டிசம்பர் வடகிழக்குப் பருவமழைதான்.’ எழுதி முடிச்சதும் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துக்கங்க. எங்கே திணறுறீங்களோ, அங்கேதான் புரியலைன்னு அர்த்தம்.

3. பழசோடு ஒரு முடிச்சு

புதுக் குறிப்பு எழுதியதும், ‘இதுக்கும் நான் முன்னாடி எழுதினதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?’ என்று கேளுங்க. பருவமழைக் குறிப்பை, எப்போதோ எழுதிய ‘தீபாவளிக்கு முந்தின நாள் கடைத்தெரு’ என்ற குறிப்போடு இணைத்துப் பாருங்க. தீபாவளி வர்றதும் அக்டோபர், நவம்பரில்தானே! திடீர்னு மழை பிடிக்க, துணிகளுக்கு மேல் தார்ப்பாயை இழுத்து மூடுற பிளாட்பாரக் கடைக்காரர் கண்ணுக்குத் தெரிவார். கடன் வாங்கிச் சரக்கு எடுத்த அவருக்கு அந்த ஒரு ராத்திரி எவ்வளவு முக்கியம்! தேர்வுக்கு எழுதிய குறிப்பிலிருந்து ஒரு குறும்படத்தின் முதல் காட்சி கிடைச்சாச்சு. கற்பனை பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புது. ஏற்கெனவே தெரிஞ்ச ரெண்டு விஷயம், எதிர்பாராம சந்திக்கணும்.

4. ஞாயிற்றுக்கிழமை 20 நிமிஷம்

வாரம் ஒருநாள் குறிப்புகளைத் திறங்க. தலைப்பை மட்டும் பார்த்து, உள்ளே என்ன எழுதியிருக்கோம்னு சொல்லிப் பாருங்க. அப்புறம் திறந்து சரிபாருங்க. தேவையில்லாததைத் தயங்காம டெலிட் பண்ணுங்க.

ஃபோல்டர் பிரிக்கிறதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘இரண்டாவது மூளை’ என்ற கருத்தைப் பிரபலப்படுத்திய டியாகோ ஃபோர்ட்டே என்ற எழுத்தாளர், குறிப்புகளைப் பாடவாரியாகப் பிரிப்பதைவிட, எந்த வேலைக்கு உதவும் என்று பார்த்துப் பிரிக்கச் சொல்கிறார். ‘வரலாறு’, ‘சினிமா’ என்பதற்குப் பதில், ‘குரூப் 4 தேர்வு’, ‘என் முதல் குறும்படம்’ என்று பெயர் வைத்தால், எதற்காக எழுதுறோம் என்பது கண்முன்னே நிற்கும்.

எந்த ஆப் நல்லது?

புதுசா தொடங்குறவங்களுக்கு கூகுள் கீப் போதும். லேபிள், ரிமைண்டர், குரல் குறிப்பு எல்லாம் இருக்கு. குறிப்புகளை ஒன்றோடொன்று இணைக்க நினைப்பவர்களுக்கு அப்சிடியன் வசதி. இரண்டு சதுர அடைப்புக்குறிகளுக்குள் இன்னொரு குறிப்பின் பெயரை எழுதினால் லிங்க் ஆகிவிடும். குறிப்புகள் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாக உங்கள் போனிலேயே இருப்பதால், நாளைக்கு ஆப்பை மாற்றினாலும் பிரச்னை இல்லை. ஆனால், பேக்கப் எடுக்க மறக்காதீங்க. அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த ஃபீஸ் கொஞ்சம் அதிகம்! அட்டவணை போட்டுத் திட்டமிடப் பிடிக்கும் என்றால் நோஷன்.

ஓர் எச்சரிக்கை. ஏடிஎம் பின், பாஸ்வேர்டு, ஆதார் போட்டோ இதையெல்லாம் நோட்ஸ் ஆப்பில் போடாதீங்க. இன்னொரு எச்சரிக்கை, கலர் கலரா டெம்ப்ளேட் தேடுறதிலேயே ஒரு வாரத்தைக் கழிக்காதீங்க. அதுவும் ஸ்கிரீன்ஷாட் மாதிரிதான். வேலை செஞ்ச திருப்தி இருக்கும், வேலை நடந்திருக்காது.

இப்போது என் புது மொபைலில் சுமார் 200 குறிப்புகள் இருக்கின்றன. முன்பிருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு ஒப்பிட்டால் ரொம்பக் கம்மி. ஆனால், நண்பன் திரும்ப அதே கேள்வியைக் கேட்டால், பார்க்காமலேயே பத்து சொல்லிடுவேன்.

நீங்களும் இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எடுங்க. அதில் இருப்பதை மூணு வரியில் உங்க வார்த்தையில் எழுதுங்க. எழுதி முடிச்சதும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை டெலிட் பண்ணிடுங்க. மனசு வரலையா? அப்போ அது இன்னும் உங்களுடையதா ஆகலை. இன்னொரு தடவை எழுதிப் பாருங்க!