லேலண்டு என்றால் தப்பா?



போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டப வாசலில் நின்ற காரைப் பார்த்து, "ஐ, ஸ்விஃப்ட்டு!" என்றேன். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா சிரித்துவிட்டார். "ஸ்விஃப்ட்டு இல்ல, ஸ்விஃப்ட். நீங்க எண்ணூர் பக்கமா? அதான்" என்றார். எனக்கு முகம் சுண்டிப் போச்சு. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் எங்க அப்பாவும் "லேலண்டு"ன்னுதான் சொல்வார். அப்போ அவர் பேசுவதும் தப்பா?

தமிழம்மாவிடம் கேட்டேன். "நன்னூல்ல போய்ப் பாரு" என்றார்கள். பார்த்தேன்.

சொல்லின் கடைசியில் எந்த எழுத்து வரலாம் என்று பவணந்தி முனிவர் விதி சொல்கிறார். க், ச், ட், த், ப், ற் என்ற ஆறு வல்லின மெய்யும் கடைசியில் வராது. அதனால்தான் தமிழில் 'நண்ட்' இல்லை, நண்டு. 'வண்ட்' இல்லை, வண்டு. அதே மாதிரிதான் லேலண்டு! கடைசியில் வரும் 'உ' குறுகி ஒலிக்கிறது. நாம் பரீட்சைக்குப் படித்த மென்தொடர்க் குற்றியலுகரம் அதுதான். அசோக் என்ற பையனைக்கூட "டேய் அசோக்கு"ன்னுதானே கூப்பிடுகிறோம்?

சான்ட்ரோ, மாருதி இரண்டும் உயிர் ஓசையில் முடிகின்றன. அதற்கு யாரும் 'உ' சேர்ப்பதில்லை. ஆகவே நாம் கண்டபடி சேர்க்கவில்லை. விதி தெரியாவிட்டாலும் நம் வாய்க்குத் தெரிகிறது.

இன்னொரு செய்தி. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டியது. 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. லேலண்டு என்பது இங்கிலாந்தில் ஓர் ஊர். ஊர்ப் பெயர் வண்டிக்கு ஆகி வருவதால் "லேலண்டு ஓடுது" என்பது இடவாகுபெயர்!

ஆங்கில வகுப்பில் ஸ்விஃப்ட் என்றே சொல்வோம். தமிழில் பேசும்போது ஸ்விஃப்ட்டு என்றால் வெட்கப்பட வேண்டாம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அட, இத்தனை வருஷமா இலக்கணத்தோடதான் வண்டி ஓட்டுறேனா!" என்று சிரித்தார்.

இப்போது உங்களுக்குப் புதிர்:

1. 'மாருதி வந்தார்', 'மாருதி வந்தது' இரண்டும் சரி. எப்படி?
2. 'கார் வந்தது, தெருவெல்லாம் தண்ணீர்.' எந்தக் கார்?
3. திருப்பிப் படித்தாலும் மாறாத கார் கம்பெனிப் பெயர் எது? அதை நன்னூல் ஏற்காது. ஏன்?

விடைகள் (முதலில் யோசியுங்கள்!):

1. மாருதம் என்றால் காற்று. காற்றின் மகன் அனுமன் மாருதி. அனுமன் என்றால் உயர்திணை, 'வந்தார்'. கார் என்றால் அஃறிணை, 'வந்தது'.
2. மழைமேகம். மேகத்துக்கும் கார் என்று பெயர். இது சிலேடை.
3. டாடா. 'ட' வரிசை எழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது.

மூன்றும் சரியாகச் சொன்னவர்கள் தமிழம்மாவிடம் பெயர் கொடுக்கவும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி