மோப்பம் பொய்த்தது, வெப்பம் பொய்க்கவில்லை

பெரிய மீனின் வாடை பட்டால் சிறிய மீன் விலகி ஓட வேண்டும். ஓடாமல் அந்த வாடையைத் தேடியே போனால்? ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009, 2010இல் வெளியிட்ட கட்டுரைகள் அப்படித்தான் சொல்லின. இந்த நூற்றாண்டின் இறுதியில் கடல் எட்டக்கூடிய அமிலத்தன்மையில் வளர்த்த கோமாளி மீன் குஞ்சுகள் மோப்பம் தடுமாறின என்றார்கள். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் உலகமே கொஞ்சிய மீன் அது. செய்தி தீயாய்ப் பரவியது.

சந்தேகம் கொண்டவர்கள் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். டிமத்தி கிளார்க், பிரெட்ரிக் யுட்ஃபெல்ட் உள்ளிட்ட குழு மூன்று ஆண்டுகளில் ஆறு இனங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட மீன்களைச் சோதித்து, நடத்தையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை என்று 2020இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. முந்தைய ஆய்வாளர்கள் மறுத்தார்கள், வாதம் நீண்டது. 2022இல் இத்துறையின் ஆய்வுகளை ஒருசேரத் தொகுத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் மலைபோல் தெரிந்த பாதிப்பு, ஆய்வுகள் பெருகப் பெருக ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் தேய்ந்திருந்தது. இந்தத் திருத்தம் அறிவியலுக்கு இழுக்கல்ல. அலுப்பூட்டும் மறுசோதனையைப் பொறுமையாகச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால், ‘அப்படியானால் கடல் அமிலமாவதால் மீனுக்குக் கேடில்லை’ என்று முடிவுகட்டுவது பெரும் தவறு. நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். இப்போது சுமார் 8.1. கேட்கச் சிறிய இறக்கம்தான். நீரில் ஹைட்ரஜன் அயனிகளோ கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டன. வளர்ந்த மீன் தன் இரத்தத்தின் அமில நிலையை ஓரளவு சரிசெய்துகொள்ளும். பவளத்துக்குத்தான் நெருக்கடி: சுண்ணாம்புக் கூடு கட்டத் தேவையான கார்பனேட் குறைந்துபோகிறது. பாப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடாவில் எரிமலை வாயு கடலடியிலிருந்து குமிழ்விடும் இடங்களில் இதைக் கண்ணால் காணலாம். கிளைவிட்டுப் படரும் பவளங்கள் அருகி, உருண்டைப் பவளங்களே மிஞ்சுகின்றன. குஞ்சுகள் ஒளிய இடுக்கில்லை.

வெப்பமோ நேரடியாகவே தாக்குகிறது.

நீர் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளிறுகிறது. கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்தியும் அப்படியே. 2016இன் வெளிறலின்போது பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் ஆய்வாளர்கள் கோமாளி மீன் இணைகளைப் பின்தொடர்ந்தார்கள். வெளிறிய சாமந்தியில் வாழ்ந்தவற்றின் உடலில் மன அழுத்தச் சுரப்பு கூடியது, முட்டைகள் பாதிக்கும் கீழே குறைந்தன. வீடு நிறம் மாறினாலே வம்சம் சுருங்குகிறது.

2023இல் பாப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் கடல் வெப்ப அலையின்போது 134 கோமாளி மீன்களை மாதந்தோறும் அளந்தார்கள். அவற்றில் 101 மீன்கள் நீளத்திலேயே குறைந்திருந்தன. மெலிந்ததல்ல, குட்டையானது. குட்டையானவை பிழைக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது. வியக்கத்தக்க தகவமைப்புதான். ஆனால், உடல் பெரிதான பெண் மீனே அதிக முட்டையிடும் என்பதால், குட்டையான தலைமுறை எத்தனை குஞ்சுகளை விட்டுச்செல்லும் என்ற கவலை எழுகிறது.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளும் 2010, 2016இல் கடுமையாக வெளிறின. களவா, விளமீன், ஓரா எனப் பவளத்திட்டுகளை அண்டி வாழும் மீன்களே அங்குள்ள பல குடும்பங்களின் வருமானம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீண்டகாலமாக இப்பவளங்களைக் கண்காணித்து, அழிந்த இடங்களில் பவளம் நட்டும் வருகிறார்கள். ஒவ்வொரு வெளிறலுக்குப் பின்னும் எந்தத் திட்டில் எந்த மீன் குறைந்தது, எது திரும்பியது என்ற கணக்கையும் ஊர் மீனவர்களைச் சேர்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். அடுத்து எந்தத் திட்டில் பவளம் நடுவது, எங்கே சில காலம் வலை வீசாமல் விடுவது என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.