வீடு மாறினால் விலாசம் சொல்ல வேண்டாமா?

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு வீடு மாற்றுவது புதிய விஷயம் அல்ல. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்டுகிறோம். அப்போது என்னென்ன செய்கிறோம்? நல்ல நாள் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். வங்கிக்கும் காஸ் ஏஜென்சிக்கும் ஊரிலுள்ள உறவினர்களுக்கும் புது விலாசத்தைத் தெரிவிக்கிறோம். பழைய வீட்டுச் சாவியை உடனே கொடுத்துவிடாமல் நாலு நாள் கையில் வைத்திருக்கிறோம். தபால் ஏதாவது வந்தால் பார்க்க வேண்டுமே! இந்த அக்கறையில் பாதியை நம் இணையதளங்களுக்குக் காட்டினாலே போதும், அவை அடிக்கடி முடங்கிப் போகாது.

இணையதளம் என்றால் பெரிய கம்பெனிகளின் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். பொங்கல் விழா நுழைவுச் சீட்டு, குழந்தைகளின் தமிழ் வகுப்புச் சேர்க்கை, வரன் பதிவு எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சங்கங்கள் இன்று தளத்தை நம்பியிருக்கின்றன. வீட்டிலேயே காபிப் பொடியும் ஊறுகாயும் தயாரித்து விற்கும் குடும்பங்களுக்கு அதுதான் கடை வாசல். விழாவுக்கு முதல் நாள் தளம் திறக்கவில்லை என்றால் வந்தவர் காத்திருப்பதில்லை. சொல்லிக்கொள்ளாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறார்.

பெயரும் எண்ணும்

தளம் குடியிருக்கும் கணினிக்கு சர்வர் என்று பெயர். அதைச் சொந்தமாக வாங்காமல், அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுப்பதே கிளவுட் முறை. ஒவ்வொரு சர்வருக்கும் ஐ.பி. முகவரி என்ற ஓர் எண் உண்டு. எண்களை மனிதர்களால் நினைவில் வைத்திருக்க முடியாது. அதனால் பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். என்ற விலாசப் புத்தகத்தை 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார்.

இந்தப் புத்தகத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்ட எண்ணை, இணையச் சேவை நிறுவனங்களின் கணினிகள் குறிப்பிட்ட காலத்துக்கு மனத்தில் வைத்துக்கொள்ளும். அந்தக் காலக்கெடுவின் பெயர் டி.டி.எல். அதை விநாடிக் கணக்கில் எழுதுவார்கள். 86,400 என்று இருந்தால் ஒரு முழு நாள். இன்று காலை நீங்கள் சர்வரை மாற்றினால், நாளைக் காலை வரை சிலர் பழைய வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்பார்கள். 'எனக்குத் திறக்கிறதே, உனக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை?' என்ற வாக்குவாதங்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

பெரிய இடத்திலும் இதே கதை

2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை, அந்த நிறுவனத்தின் உள் வலைப்பின்னலையே துண்டித்துவிட்டது. அதன் விலாசப் புத்தகத்தை வைத்திருந்த கணினிகளுக்கு வழி தெரியாமல் போயிற்று. சர்வர்கள் எரியவில்லை, உடையவில்லை. போகும் வழிதான் மறைந்தது.

2025 அக்டோபர் 20, தீபாவளித் திருநாள். அன்று நண்பகல் தாண்டியதும் அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் சிக்கல் தொடங்கியது. டைனமோடிபி என்ற தரவுக் கிடங்கின் பெயருக்கு நேரே இருக்க வேண்டிய எண்கள், தானியங்கி மென்பொருளின் கோளாறால் அழிந்து காலியாகிவிட்டன. பெயரைச் சரிசெய்ய ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான் ஆயிற்று. ஆனால் அதன் பின்விளைவுகள் ஓய நமக்கு மறுநாள் விடியற்காலை ஆகிவிட்டது. ஸ்னாப்சாட், சிக்னல், கேன்வா எல்லாம் தடுமாறின. விலாசப் புத்தகத்தில் ஒரு வரி காணாமல் போனால் மாளிகையும் குடிசையும் ஒன்றுதான்.

மாறுவதற்கு முன்

நம் போன்ற சிறு தளங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எப்போது மாறுவது என்பதை நாமே முடிவு செய்யலாம். கீழ்க்கண்ட வரிசையில் செய்தால் பார்வையாளருக்குத் தெரியாமலேயே குடி மாறிவிடலாம்.

முதலில், மாறும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே டி.டி.எல். அளவை 86,400-லிருந்து 300-க்குக் குறையுங்கள். பிறகு எண்ணை மாற்றும்போது பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களில் புது விலாசம் போய்ச் சேரும். மாற்றிய அன்றே குறைத்துப் பயனில்லை. பழைய கெடு முடியும் வரை அது யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, புது சர்வரில் தளம் முழுவதையும் ஏற்றி, பூட்டுச் சின்னம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழையும் பொருத்தி, உங்கள் கணினியில் மட்டும் புது எண்ணைக் கொடுத்துச் சோதியுங்கள். படிவங்களை நிரப்பிப் பாருங்கள், பணம் கட்டிப் பாருங்கள். பால் காய்ச்சிவிட்டுத்தான் சாமான் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, கூட்டம் இல்லாத இரவு நேரத்தில் புதிய பதிவுகளைச் சிறிது நேரம் நிறுத்தி, தரவுகளைக் கடைசியாக ஒரு முறை நகலெடுத்து, பிறகே எண்ணை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் பதிவு பழைய வீட்டிலும் மீதி புது வீட்டிலுமாகச் சிதறிப்போகும். மின்னஞ்சலுக்கான வரிகளைத் தொடாதீர்கள். தளம் ஓடும், கடிதம் மட்டும் வராது என்ற நிலை வந்துவிடும்.

நான்காவது, பழைய சர்வரை ஒரு வாரமாவது ஓடவிடுங்கள். அங்கே யாரும் வரவில்லை என்று பதிவேட்டில் உறுதியான பிறகு மூடலாம்.

எண்ணைக் கைவிடாதீர்கள்

கிளவுட் சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கினால், பல இடங்களில் அதன் எண் மாறிவிடும். இது தெரியாமல் 'ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்ப்போம்' என்று செய்துவிட்டுத் தளத்தைத் தேடுபவர்கள் உண்டு. நிலையான எண் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சர்வர் பழுதானால் அதே எண்ணை மாற்றுச் சர்வருக்குச் சூட்டிவிடலாம். விலாசப் புத்தகத்தைத் தொடவே வேண்டாம்.

பழைய முறை எண்கள் உலகில் மொத்தமே சுமார் 429 கோடிதான். தட்டுப்பாடு காரணமாக 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் ஓர் எண்ணுக்கு மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. மாதம் மூன்றரை டாலருக்குச் சற்று மேல். அதை மிச்சம் பிடிக்க எண்ணை அவசரமாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அது வேறொருவருக்குப் போகும். உங்கள் பெயர் அந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தால், வாசகர்கள் முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் நுழைவார்கள்.

நகல் எங்கே இருக்கிறது?

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் சர்வர் மையம் தீப்பற்றியது. நெட்கிராஃப்ட் கணக்குப்படி சுமார் 36 லட்சம் தளங்கள் முடங்கின. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் மையங்கள் இருக்கின்றன. தளம் ஓரிடத்தில் என்றால் நகல் மற்றோர் இடத்தில் இருக்கட்டும். அந்த நகலிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்று வருடத்துக்கு இரு முறையாவது பார்த்துவிடுங்கள்.

சாவி யாரிடம்?

இத்தனையும் செய்தாலும் ஒரு பழைய குறை சங்கங்களைக் கவிழ்த்துவிடும். தளத்தின் பெயர் அன்றைய செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும்; நிர்வாகக் குழு மாறும். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியாகி நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் கெடு உண்டு. அதுவும் தவறினால் அந்தப் பெயரை உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சர்வர் போனால் ஒரு நாளில் வேறொன்று கிடைக்கும். அழைப்பிதழிலும் ரசீதிலும் ஆண்டாண்டாக அச்சிட்ட பெயர் போனால் திரும்பாது.

ஆகவே பெயர் சங்கத்தின் பேரிலும், மின்னஞ்சல் பதவியின் பேரிலும் இருக்கட்டும். கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். டாட் காம் பெயரைப் பத்து ஆண்டு வரை சேர்த்தே பதிய முடியும். புதுக் குழு பொறுப்பேற்கும் நாளில் வங்கிக் காசோலைப் புத்தகத்தோடு இந்த விவரங்களையும் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். அடுத்த பொதுக்குழுவில் யாராவது ஒருவர் எழுந்து, 'நம் தளத்தின் பெயர் எந்தத் தேதியில் காலாவதியாகிறது?' என்று கேட்டால் நல்லது. பதில் உடனே வராவிட்டால், அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.