குட்டைக் கோழி: முதலில் எதை வாங்குவது?

பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்பவர் ஆடு கட்ட முடியாது. மாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஊரில் வாசல் நிறையக் கோழி மேய்ந்த வீட்டில் பிறந்தவர்கள்கூட இங்கே வந்த பிறகு முட்டையைக் கடையில் எண்ணி வாங்கப் பழகிவிட்டார்கள். ஆனால் மொட்டை மாடியில் ஒரு மூலையோ, வீட்டுக்குப் பின்னால் நாலடி மண்ணோ கிடைத்துவிட்டால் போதும். "இரண்டு கோழி வைத்துக்கொள்ளலாமே" என்ற ஆசை தானாக வந்துவிடும். இடம் சிறியது என்பதால் 'பேன்டம்' எனப்படும் குட்டைக் கோழிகளின் மேல்தான் கண் போகும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். சம்பளம் வாங்கிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறார் ஒருவர். ஒரு கூண்டில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு கோழி. இன்னொன்றில் வாலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தரையோடு தரையாக நடக்கும் கோழி. குழந்தை ஒன்றைக் காட்டுகிறது. விலை பேசி ஒரு 'ஜோடி' வாங்கி, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பத்தாம் நாள் ஒன்று வெள்ளையாகக் கழிந்து தலை சாய்ந்துவிடுகிறது. மற்றது இரண்டு மாதத்தில் விடியற்காலை நாலு மணிக்குக் கூவத் தொடங்குகிறது. வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். பணம் போனது ஒரு பக்கம். குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது.

கோழியைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. வீட்டைப் பார்த்து, மழையைப் பார்த்து, அதன் பிறகு கோழியைப் பார்க்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழாக நடந்திருக்கிறது.

ஜாவாவிலிருந்து வந்த பெயர்

ஜாவாத் தீவில் பான்டென் என்றொரு துறைமுகம். 1603-இல் ஆங்கிலேயக் கம்பெனி அங்கே பண்டகசாலை வைத்தது. அந்தப் பக்கம் போன ஐரோப்பியக் கப்பல்காரர்கள் அங்கே ஏற்றிக்கொண்ட சிறு கோழிகளால், துறைமுகத்தின் பெயரே கோழிக்கும் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் சிறு கோழி எதுவானாலும் பேன்டம் என்றாகிவிட்டது. ஆகவே பேன்டம் என்பது ஓர் இனத்தின் பெயர் அல்ல, அளவின் பெயர். அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல இனங்கள் இருக்கின்றன. 'பேன்டம் வேண்டும்' என்று மட்டும் கேட்பவருக்குக் கடைக்காரர் தன்னிடம் விற்காமல் கிடப்பதைக் கொடுத்து அனுப்புவார்.

லாபக் கணக்குப் போடுகிறவர் இதில் இறங்க வேண்டாம். பண்ணைக் கோழி வருடத்துக்கு முந்நூறு முட்டை இடும். குட்டைக் கோழி நூறு இட்டால் அதிகம். அந்த முட்டையும் முப்பது, முப்பத்தைந்து கிராம்தான். மூன்று சேர்ந்தால் கடை முட்டை இரண்டுக்குச் சமம். தீனி மட்டும் குறைவு. நாளைக்கு ஐம்பது கிராம் என்று வைத்தாலும் நாலு கோழிக்கு மாதம் ஆறு கிலோ போதும். கறிக்காக வளர்க்க நிலம் இருப்பவர்களுக்கு, இதே பெங்களூரில் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவான கிரிராஜா இருக்கிறது. அது வேறு விஷயம்.

பார்க்க அழகு, வளர்க்கத் தொல்லை

சந்தையில் முதலில் கண்ணைக் கவர்வது ஜப்பானியக் குட்டைக்கால் கோழி. கால் இருப்பதே தெரியாது. வால் நெட்டுக்குத்தாக நிற்கும். இதன் காலைக் குட்டையாக்கும் பரம்பரைக் கூறில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் கூறு வந்து சேர்ந்தால், கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்து, கரு கூடிய பன்னிரண்டு முட்டையை அடை வைத்தால், சராசரியாக மூன்று இப்படிப் போய்விடும். ஆறு குட்டைக்காலாகவும், மூன்று சாதாரணக் காலோடும் பிறக்கும். இது தெரியாதவர் அடைக்கோழியைத் திட்டுவார். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பார். கண் திருஷ்டி என்று மிளகாய் சுற்றுவோரும் உண்டு. அதோடு, வயிறு தரையை உரசும் கோழிக்கு ஈரத் தரை ஆகாது. பெங்களூரில் மே மாதத்து இடிமழையில் தொடங்கி அக்டோபர் வரை ஈரம்தான்.

செப்ரைட் என்ற இனம் இன்னும் அழகு. ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் மையால் கோடு இழுத்தாற்போலக் கறுப்பு வரி இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் செப்ரைட் என்ற ஆங்கிலேயப் பிரபு உருவாக்கியது. இதன் சேவலுக்கு வளைந்த வால் இறகு கிடையாது. உடம்பில் பெட்டையின் இறகுதான். புதிதாக வாங்குபவருக்குச் சேவல் எது, பெட்டை எது என்பதே குழப்பம். முட்டை குறைவு. கரு கூடுவதும் குறைவு. கூமுட்டை அதிகம் விழும்.

மலேசியாவின் கிளந்தான் பக்கத்தில் உருவான செராமா உலகத்திலேயே மிகச் சிறிய கோழிகளில் ஒன்று. அரைக் கிலோகூட இருக்காது. மார்பை நிமிர்த்திக்கொண்டு பட்டாளத்துச் சிப்பாய் போல நிற்கும். வெப்ப நாட்டுக் கோழி என்பதால் மார்கழிக் குளிரில் மாடிக் கூண்டில் நடுங்கிப்போகும். வீட்டுக்குள் வைத்துக் கொஞ்ச வசதி உள்ளவர் வாங்கலாம். பத்தடி அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டுக்கு ஆகாது.

இந்த மூன்றையும் இரண்டாம் வருஷத்துக்கு ஒத்திவைப்பது நல்லது.

கூரை இருந்தால் கொச்சின்

மாடியில் தகரமோ ஓலையோ போட்ட, மழைச் சாரல் அடிக்காத இடம் இருந்தால் புதியவருக்கு ஏற்றது கொச்சின் பேன்டம். பெகின் என்றும் சொல்வார்கள். கேரளத்துக் கொச்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; இது சீனத்துக் கோழி. 1860 வாக்கில் பீகிங்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

சேவலே முக்கால் கிலோவுக்குள்தான் இருக்கும். உருண்டையான உடம்பு, கால் விரல் வரை இறகு. பறக்காது. நாலடி உயர வலை இருந்தால் தாண்டாது. குழந்தை தூக்கினால் கையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அடைக்கும் நன்றாகப் படுக்கும். இதன் பலவீனம் அந்தக் கால் இறகுதான். சேற்றில் நடந்தால் இறகில் மண் உருண்டை கட்டிக்கொள்ளும். செதில் பூச்சியும் அங்கேதான் குடியேறும். தரையில் நெல் உமியோ மரத்தூளோ மூன்று அங்குலம் பரப்பி, ஈரமானதை உடனே அள்ளிவிட வேண்டும். சித்திரை வெயிலில் சிமெண்டுத் தளம் அடுப்பாகிவிடும் என்பதால் நிழலும் அவசியம்.

பஞ்சு உருண்டை என்று குழந்தைகள் கேட்பது சில்கி. இறகு பின்னிக்கொள்ளாமல் பிரிந்து கிடப்பதால் முயல் ரோமம் போல இருக்கும். தோலும் எலும்பும் கறுப்பு. காலுக்கு ஐந்து விரல். பூனை மயிர் போன்ற ரோமமும் கறுப்பு உடம்பும் உள்ள கோழி சீனத்தில் உண்டு என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். சாது. பத்து முட்டை இட்டதும் அடைக்கு விழுந்துவிடும். எந்தக் கோழியின் முட்டையை வைத்தாலும் பொரித்துக் கொடுக்கும். ஆனால் சாதாரண இறகில் ஓடிவிடும் தண்ணீர் இதன் ரோமத்தில் ஊறிப்போகும். ஒரு மழையில் நனைந்தால் குளிர் உள்ளே இறங்கிவிடும். கூரை உறுதியாக இருந்தால் மட்டும் இதை நினைக்கலாம்.

மண் தரைதான், கூரை பாதிதான் என்பவருக்கு?

அவருக்கு ஊர்ச் சிறுவிடையே மேல். பெயர்தான் பேன்டம் இல்லையே தவிர, பெட்டை ஒரு கிலோவுக்குச் சற்று மேலேதான் இருக்கும். காலில் இறகு இல்லை, சேறு ஒட்டாது. பூனையைக் கண்டால் ஓடத் தெரியும். பத்துப் பன்னிரண்டு முட்டையை அணைத்துப் படுத்து, குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பாற்றவும் தெரியும். வருடத்துக்கு அறுபது, எழுபது முட்டை இடும். கன்னடக்காரர்கள் 'நாட்டிக் கோழி' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதால், பெருகினாலும் தள்ளிவிடக் கஷ்டம் இல்லை. நன்றாகப் பறக்கும்; மேலேயும் வலை போட வேண்டும். ஊரில் எச்சில் சோற்றுக்கு வளர்ந்த கோழி என்று இளப்பமாக நினைப்பவர்கள், சந்தையில் பெயர் தெரியாத இனத்துக்குக் கொடுத்த பணத்தைக் கணக்குப் பார்க்கட்டும்.

வாங்கும்போது

குஞ்சாக வாங்குவதில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் சேவலா பெட்டையா என்று சொல்வது கடினம். சில்கியில் நாலைந்து மாதம்கூட ஆகும். 'ஜோடி' என்று வாங்கியது இரண்டும் சேவலாக முடிவது சகஜம். மூன்று, நாலு மாதத்து விடைக்கோழியாக வாங்குவதே மேல்.

ஜோடி என்பதும் தேவையற்ற வழக்கம். ஒரே பெட்டையோடு சேவலை அடைத்தால் அதன் முதுகு இறகு மிஞ்சாது. சேவல் இல்லாமலே பெட்டை முட்டை இடும். கரு மட்டும் கூடாது. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிய இடத்தில் இருப்பவர் மூன்று பெட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். குட்டைச் சேவலின் குரல் உடம்பைப் போலச் சிறியதல்ல. பெரிய சேவலைவிடக் கீச்சென்று காதில் பாயும். குஞ்சு வேண்டுமானால் தெரிந்தவரிடம் கரு முட்டை வாங்கி அடை வைக்கலாம். ஏழாம் நாள் இரவில் டார்ச் விளக்கில் பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போல ரத்த நாளம் தெரியும், தெரியாததை எடுத்துவிடலாம்.

கோழியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கண் ஈரமின்றிப் பளிச்சென்று இருக்க வேண்டும். பின்புறம் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. இறக்கைக்கு அடியில் பேன் ஓடுகிறதா, காலில் செதில் தூக்கி நிற்கிறதா, காதருகே வைத்தால் மூச்சில் கரகரப்பு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பழைய கோழிகளோடு விடாமல் இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும்.

முதலில் சொன்ன வெள்ளைக் கழிச்சல்தான் பெரிய எமன். இமயமலை அடிவாரத்து ராணிக்கேத் ஊரில் 1920-களில் கண்டறியப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்றும் பெயர். வந்த பிறகு மருந்து இல்லை. வராமல் தடுக்க ஊசி உண்டு. முதல் வாரத்திலும் நாலாம் வாரத்திலும் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. இங்கே கால்நடை மருத்துவமனையில் 'கொக்கரே ரோகா' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். மருந்துக் குப்பி நூறு கோழிக்கு உள்ளதாக வரும்; கலந்தபின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. நாலு கோழிக்காரருக்கு இது இடைஞ்சல்தான். பேட்டையில் கோழி வைத்திருக்கும் பத்து வீட்டார் ஒரே ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தால் ஒரு குப்பியில் எல்லாருக்கும் போட்டுவிடலாம். வளர்ப்பின் அடிப்படையை முறையாகக் கற்க விரும்புவோருக்கு, ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிலையம் பயிற்சி அளிக்கிறது.

கூண்டுக்கு நாலு கோழி என்றால் ஆறடிக்கு மூன்றடி போதும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பூனையைவிடப் பெருச்சாளிதான் இரவில் வேலையைக் காட்டும்.

பலரும் யோசிக்காத ஒன்று, லீவு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களே அதிகம். ஒரு நாள் என்றால் தீனியும் தண்ணீரும் நிரப்பி வைத்துவிட்டுப் போகலாம். ஐந்து நாள் என்றால் காலையும் மாலையும் ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். கோழி வாங்கும் முன்பே பக்கத்து வீட்டில் அப்படி ஒருவரைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அந்த வாரத்து முட்டை அவருக்கே.