டி. கல்லுப்பட்டி: சிற்றூரில் குடும்ப வாழ்க்கை

மதுரை மாவட்டம், பேரையூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி டி. கல்லுப்பட்டி. அருகிலுள்ள தேவன்குறிச்சியைச் சேர்த்து 'தே. கல்லுப்பட்டி' என்றும் எழுதுவர். திருமங்கலத்திலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு. கிராமமும் அல்லாத, நகரமும் அல்லாத இத்தகைய ஊரில் ஒரு குடும்பம் எவ்வாறு வாழ்கிறது, பிள்ளைகள் எவ்வாறு வளர்கிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிழைப்பு

சுற்றிலும் கரிசல் நிலம். பெரும்பகுதி மானாவாரி. பருத்தி, மக்காச்சோளம், சோளம், பயறு வகைகள் ஆகியவை ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விளைகின்றன. மழை பிந்தினால் உழவர் வீட்டில் மட்டுமன்றி, கடைவீதியிலும் அதன் தாக்கம் தெரியும். மளிகைக் கடன் நீளும். திருமணப் பேச்சுகள் தை மாதத்திலிருந்து அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

ஆகவே பல குடும்பங்கள் இரண்டு மூன்று வருவாய்களைச் சேர்த்தே காலம் தள்ளுகின்றன. வீட்டில் ஒருவர் காட்டைப் பார்ப்பார். இன்னொருவர் திருமங்கலத்திலோ விருதுநகரிலோ கடை வேலைக்குப் போவார். ஆடு மாடு வளர்ப்பு கைச்செலவுக்கு உதவும். அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அப்பேருந்துகள் ஓடும் தடங்களில் வேலைக்குப் போகும் பெண்களின் கூலியில் பேருந்துக்காகக் கழிந்துகொண்டிருந்த பங்கு அதனால் வீட்டுக்கு மிஞ்சுகிறது.

கல்வி

இவ்வூரின் பெயரைத் தமிழகம் அறியச் செய்தது காந்தி நிகேதன் ஆசிரமம். கோ. வெங்கடாசலபதி 1940-இல் இதை நிறுவினார். கைத்தொழிலோடு பாடத்தை இணைக்கும் ஆதாரக் கல்வி, கதர், கிராமத் தொழில்கள் ஆகியவை இதன் பணிகளாக இருந்தன. இதன் பள்ளியில் சுற்று வட்டாரப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்துள்ளனர்.

பிள்ளை நடந்தோ மிதிவண்டியிலோ பள்ளி சென்று வரலாம் என்பது சிற்றூரின் பெரிய வசதி. ஆசிரியர் பெற்றோரைக் கடைவீதியிலேயே சந்தித்துவிடுவார். பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை என்ற செய்தி அன்று மாலையே வீடு சேர்ந்துவிடும்.

மேற்படிப்பு என்று வந்தால் ஊரை விட்டு வெளியே போகவேண்டும். திருமங்கலம், விருதுநகர், கிருஷ்ணன்கோவில், மதுரை ஆகிய இடங்களில் கல்லூரிகள் உள்ளன. பிள்ளையைத் தினமும் பேருந்தில் அனுப்புவதா, விடுதியில் சேர்ப்பதா என்பது பிளஸ் டூ முடிவு வந்ததும் வீடுதோறும் எழும் கேள்வி. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இக்கேள்வியே சில வீடுகளில் படிப்பை நிறுத்திவிடுவதும் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. தயங்கும் பெற்றோரிடம் எடுத்துச்சொல்ல ஆசிரியர்களுக்கு இது நல்ல துணை.

உறவும் ஊரும்

தாய் வேலைக்குப் போனால் அப்பத்தாவோ அம்மாச்சியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டு அத்தை சோறு போடுவார். நகரத்தில் பணம் கொடுத்துப் பெறும் இவ்வுதவி இங்கு உறவாகக் கிடைக்கிறது. அதற்கு ஈடாக மொய், சீர், நல்லது கெட்டதுக்குப் போய் நிற்பது ஆகிய கடமைகள் உண்டு. தவறினால் பேச்சு வரும். யார் எவரோடு பழகுகிறார் என்பதை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கும். இது இளையோருக்குப் பாதுகாப்பாகவும் இருக்கிறது, சுமையாகவும் இருக்கிறது. சாதி எல்லையை மீறிய நட்பும் காதலும் இக்கண்ணுக்குத் தப்புவதில்லை.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அம்மாபட்டியில் நடைபெறும் ஏழூர் முத்தாலம்மன் சப்பரத் திருவிழாவில் டி. கல்லுப்பட்டியும் பங்கேற்கிறது. மூங்கில் கட்டி வண்ணத்தாள் ஒட்டிய உயரமான சப்பரங்களைத் தோளில் சுமந்து வருவர். திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போனவர்களும் அந்த நாளுக்கு ஊர் வந்து சேருவர்.

ஊர் எதைத் தரவில்லை?

பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா (1892–1960) அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். அவர் தம் இறுதி ஆண்டுகளில் காந்தி நிகேதனில் தங்கினார். ஊரில் விளைவதை ஊரிலேயே பண்டமாக்கினால்தான் ஊரில் வேலை இருக்கும் என்பது அவர் வலியுறுத்திய கருத்துகளுள் முதன்மையானது.

இக்கருத்துக்கு இவ்வூரே சான்று. இங்குள்ள கரிசலில் பருத்தி விளைகிறது. நூற்பாலைகள் இராசபாளையத்தில் இருக்கின்றன. பருத்தி போகும் சாலையிலேயே பிள்ளைகளும் வேலை தேடிப் போகிறார்கள். குறைந்த வாடகை, அருகில் பள்ளி, துணைக்கு உறவு என்று பிள்ளையை வளர்க்கத் தேவையானவற்றை ஊர் தருகிறது. வளர்ந்த பிள்ளை தங்குவதற்கான வேலையைப் போதிய அளவில் தரவில்லை. இதனால் பல வீடுகளில் முதியோர் மட்டும் இருக்கின்றனர். அவர்களுக்கு அவசர மருத்துவம் தேவைப்பட்டால் திருமங்கலத்துக்கோ மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல ஆள் தேடவேண்டியுள்ளது.

மக்காச்சோளத்தைத் தீவனமாக்குதல், பருத்தி அரவை, எண்ணெய்ச் செக்கு, சிறுதானியப் பண்டங்கள் போன்ற தொழில்கள் வட்டார அளவில் பெருகினால் வெளியூர் போவோரில் ஒரு பகுதியினர் ஊரிலேயே தங்க இயலும். பிள்ளைகள் வெளியே போய்ப் படிப்பதும் பிழைப்பதும் நல்லதே. திரும்பி வர விரும்புவோருக்கு இங்கு வழி இருக்கவேண்டும் என்பதே சிற்றூர்க் குடும்பங்களின் தேவை.